நல்ல எஸ்.எம்.பி.எஸ்.

சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர்களுக்கு 2017 சோதனையான வருடம். எந்தச் சாமானைத் தொட்டாலும் விலை கையைச் சுட்டது. ஜனவரியில் பத்து டாலருக்கும் கீழே கிடந்த ஈதர் என்ற மின்காசு ஜூனில் முந்நூறைத் தாண்டியது. அதைத் தோண்டி எடுப்பதற்காக உலகமெங்கும் ஆட்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை வாங்கி வரிசை வரிசையாக அடுக்கி இரவு பகலாக ஓட்டினார்கள். ஏப்ரலில் வெளிவந்த ஏ.எம்.டி.யின் ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் இரண்டு மூன்று மாதத்துக்குள் கடைகளில் காணாமல் போய்விட்டன. ராம் வேறொரு காரணத்தால் ஏறியது. உலகத்துக்கு வேண்டிய ராம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். அந்தச் சரக்கை ஸ்மார்ட்ஃபோன்களும் சர்வர்களும் அள்ளிக்கொண்டு போக, மூவாயிரத்துச் சொச்சத்துக்கு விற்ற 8 ஜிபி ராம் ஐயாயிரத்தைத் தாண்டி நின்றது. ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வேறு வந்து சேர்ந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரிக்கு லேப்டாப் வாங்கவென்று அப்பா ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். எனக்கோ 'விட்சர் 3' விளையாட வேண்டும். கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் ஒரு தோழி வீட்டில் அதை ஒரு முறை பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. காற்றில் மரங்கள் மொத்தமாகச் சாய்ந்தாடுகிற அந்தக் காடும், மழை வரும் முன் கறுக்கிற வானமும் போதும், யாரையும் அடித்து வீழ்த்தாமல் குதிரையில் சுற்றிக்கொண்டிருந்தாலே போதும் என்று தோன்றிற்று. அந்த விலைக்கு வரும் லேப்டாப்பில் அது நன்றாக ஓடாது. அதே பணத்துக்குச் சாமான்களாக வாங்கி வீட்டில் கட்டினால் ஓடும். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எது எது எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டா" என்றார். டல்ஹௌசியில் ஒரு கம்பெனியில் ஆயுசு முழுக்கக் கணக்கெழுதியவர். எங்கள் தாத்தா அதே வட்டாரத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டெனோவாக வந்தவர். லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு இதே கதைதான்.

முதலில் வாங்கியது மானிட்டர். ஜி.எஸ்.டி. வந்தால் பெரிய மானிட்டர்களுக்கு 28 சதவீத வரி என்று அறிவித்திருந்தார்கள். அதனால் ஜூன் கடைசியில் பழைய விலைக்கே தள்ளிவிட்ட ஒரு கடையில் 22 அங்குல மானிட்டரைப் பிடித்தோம். செருகக் கம்ப்யூட்டர் இல்லை. அம்மா அதில் செட்டாப் பாக்ஸை மாட்டிச் சீரியல் பார்க்க ஆரம்பித்தாள். செப்டம்பரில் அதைத் திரும்ப வாங்குவதற்கு நான் தனியாக ஒரு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது.

மற்றதெல்லாம் சாந்தினி சௌக்கில்தான். காளிகாட்டில் மெட்ரோ ஏறி, சாந்தினியில் இறங்கி மேலே வந்தால் சித்தரஞ்சன் அவென்யூ. அங்கிருந்து கணேஷ் சந்திர அவென்யூ, மதன் தெரு, பிரின்செப் தெரு, ஈ மால் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சாமான்தான். சென்னைக்கு ரிச்சி தெரு போல இந்த ஊருக்கு இது. சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன் அண்ணாவிடம் ரிச்சி தெரு விலை கேட்டு ஃபோன் செய்தேன். "என்னைக் கேக்கறியே, நாங்களே உங்க ஊர் கடையிலேர்ந்துதான் வரவழைக்கிறோம்" என்றான். எம்.டி. கம்ப்யூட்டர்ஸ், வேதாந்த் கம்ப்யூட்டர்ஸ் என்ற இரண்டு கொல்கத்தாக் கடைகளும் இணையத்தில் நாடெங்கும் விற்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருபது நிமிட மெட்ரோ தூரத்தில் இருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது, கூரியரில் வளைந்த மதர்போர்டுகளைப் பற்றி அவன் சொன்னபோது இன்னும் நன்றாகப் புரிந்தது.

அந்த வட்டாரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கல்கத்தாவின் முதல் மின்நிலையம் பிரின்செப் தெருவுக்குப் பக்கத்தில் இமாம்பாக் சந்தில்தான் இருந்தது. 1899 ஏப்ரல் 17 அன்று அங்கிருந்துதான் இந்த ஊருக்கு கரண்ட் வர ஆரம்பித்தது. அதை நடத்திய மின்சாரக் கம்பெனியான சி.இ.எஸ்.சி.யின் விக்டோரியா ஹவுஸ், தலையில் உருண்டையான பூகோளத்தோடு, சாந்தினியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நிற்கிறது. மின்சாரக் கம்பெனியின் காலடியில் நின்றுகொண்டு, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். வாங்குகிறோம் என்பது எனக்கு அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை. அப்பாவுக்குப் பட்டது. எழுபதுகளின், எண்பதுகளின் லோட்ஷெட்டிங்கில் வளர்ந்தவர் அவர். மண்ணெண்ணெய் விளக்கில் பரீட்சைக்குப் படித்தவர். ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்கின தேதியைக்கூடச் சொல்வார்.

கடைகளில் முதலில் என்னிடம் யாரும் பேசவில்லை. கேள்வியெல்லாம் அப்பாவுக்குத்தான் போகும். "ஆபீஸ் வேலைக்கா தாதா? பெண்ணுக்குப் பிராஜெக்ட்டா?" அப்பா வங்காளியில் ஒரே பதிலைச் சொல்வார். "வாங்குறது அவள். அவளைக் கேளுங்க." இரண்டு கடைகளில் அதற்குப் பிறகும் அவரையே பார்த்துப் பேசினார்கள். அந்தக் கடைகளிலிருந்து நாங்கள் வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது கடையில் ஒரு வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சொல்லு மா, என்ன ஆடணும்?" என்று கேட்டார். அங்கேதான் உட்கார்ந்தோம்.

சாமான் தேர்ந்தெடுப்பது தனித்தனியாக நடக்கிற காரியம் அல்ல. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று கூடவே வரும். பிராசசர் இது என்றால் மதர்போர்டு அது, மதர்போர்டு அது என்றால் ராம் இது. பெரியவர் ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்த முதல் கணக்கு இன்டெல் பென்டியம் ஜி4560. இரண்டு கோர், நாலு த்ரெட், 3.5 கிகாஹெர்ட்ஸ். அந்த வருடம் ஏழைகளின் பிராசசர் என்றால் அதுதான். மிச்சமாகும் பணத்தில் இன்னும் பெரிய கார்டு வாங்கலாம் என்பது அவர் யோசனை. இன்னொரு வசதியும் அதில் இருந்தது. அந்தப் பிராசசருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் உண்டு. கார்டு விலை இறங்கும் வரை கார்டே இல்லாமல் ஓட்டலாம், பாடத்தைப் படிக்கலாம், காத்திருக்கலாம்.

நான் எழுதிக்கொண்டு போயிருந்தது ஏ.எம்.டி.யின் ரைசன் 3 1200. ஜூலை 27இல்தான் வந்திருந்தது. நாலு உண்மையான கோர். ஆனால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதாவது, விலை உச்சத்தில் இருக்கும் அந்த மாதத்திலேயே கார்டையும் வாங்கியாக வேண்டும். இதுதான் எங்கள் உண்மையான சிக்கல். அப்பா இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு வருஷம் கழிச்சு இதுல எதை மாத்தலாம், எதை மாத்த முடியாது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் முடிவு செய்தது. இன்டெலின் எட்டாம் தலைமுறை வரப்போகிறது, சாக்கெட் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் பழைய போர்டில் அது ஏறாது என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. அக்டோபர் 5இல் அது வந்தபோது அப்படியேதான் ஆயிற்று. ஏ.எம்.டி.யோ ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. பென்டியம் சீட்டு அன்றைக்கு மலிவு. ஆனால் அதில் போர்டுக்குப் போட்ட பணம் அந்தப் பிராசசர் தலைமுறையோடு முடிந்துவிடும். பெரியவர் இதைக் கேட்டுத் தலையாட்டினார். "அப்படிப் பார்த்தா நீ எழுதினது சரி மா" என்று தன் சீட்டைத் தானே மடித்துக்கொண்டார். சாந்தினியில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் பெரியது அது. போர்டு பி350, ராம் இடம் நாலு. இப்போதைக்கு 8 ஜிபி ஒன்றே ஒன்று, மற்ற இடங்கள் காலி. எஸ்.எஸ்.டி. அப்புறம், ஹார்ட் டிஸ்க் மட்டும் 1 டிபி.

கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 4 ஜிபி நினைவகம், மின்சாரம் 75 வாட். மதர்போர்டில் கார்டு செருகும் அந்த நீளமான இடம் கொடுக்கக்கூடிய அளவும் 75 வாட்தான். ஆகவே அதற்குத் தனி வயர் கூட வேண்டாம். இதைவிட வேகமான 1060க்கு 120 வாட், ஆர்எக்ஸ் 580க்கு 185. மின்காசு தோண்டுகிறவர்கள் பெரிய கார்டுகளின் மேல் விழுந்து புரண்டதில் இந்தச் சின்னக் கார்டு அவ்வளவாக அடிபடாமல் தப்பியிருந்தது. 'விட்சர் 3'க்குக் குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 660 வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் இது. எனக்குப் போதும். உண்மையில் அன்றைக்கு என் தோழர்கள் எல்லாரும் 1060க்குக் காத்திரு என்றார்கள். காத்திருந்தவர்களுக்கு அடுத்த ஜனவரியில் விலை இன்னும் ஏறியது.

சண்டை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வந்தது.

என் பட்டியலில் சீசானிக் எஸ்12ஐஐ, 520 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்று இருந்தது. விலை நாலாயிரத்துக்கு மேல். பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. "இதுல ஒரு ஃபிரேம்கூடக் கூடாது மா. கேபினெட்டோட 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். சும்மாவே வருது. இந்தப் பணத்தைக் கார்டுல போடு." தோழர்களும் அதையே சொன்னார்கள். என் சாமான் எல்லாம் சேர்ந்தாலும் இருநூறு வாட் தாண்டாது, ஐந்நூறு எதற்கு என்றார்கள்.

அப்பா பேசவில்லை. இரண்டையும் கவுண்டர் மேல் வைக்கச் சொன்னார். முதலில் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். கேபினெட்டோடு வருவது தகர டப்பா கனம்தான் இருந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தார். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் கீழே இத்தனை ஆம்பியர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். "இதுல உன் கார்டுக்கும் பிராசசருக்கும் எது போகும்?" என்று கேட்டார். "பன்னிரண்டுப்பா" என்றேன். சீட்டின் பின்பக்கத்தில் பெருக்கினார். அந்த இலவச டப்பாவில் பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதினாலு ஆம்பியர். 168 வாட். வெளியே ஒட்டியிருந்த எண் 450. சீசானிக்கில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மட்டும் மொத்தம் 40 ஆம்பியர், 480 வாட். பெயர் 520.

"இவன் கணக்கு ஒப்புது. அவன் கணக்கு ஒப்பலை" என்றார் அப்பா. முதலில் தமிழில் என்னிடம், பிறகு வங்காளியில் பெரியவரிடம். பெரியவர் சிரித்துவிட்டு சீசானிக் பெட்டியை எடுத்துப் பில் பக்கம் தள்ளினார்.

நான் அதைக் கேட்டதற்கு வேறு காரணங்களும் இருந்தன. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைப் பன்னிரண்டாகவும் ஐந்தாகவும் இறக்கி, அலையில்லாமல் தருவது அந்தப் பெட்டியின் வேலை. அது கெட்டால் தான் மட்டும் போகாது, போர்டையும் கார்டையும் கூடவே கொண்டுபோகும். அதற்குள் இருக்கும் கப்பாசிட்டர்களுக்குச் சூடு பகை. பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கொல்கத்தாவின் மே மாதத்தில், ஏ.சி. இல்லாத அறையில், வேர்வை காயாத ஈரக்காற்றில் அது பல வருடம் ஓட வேண்டும். அமெரிக்காவில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களின் பட்டியலை அப்படியே பின்பற்றினால் இந்த ஊருக்கு ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து. கேபினெட்டும் அதனால்தான் முன்பக்கம் வலை போட்டதாகப் பார்த்தேன். கண்ணாடி முகப்பு வைத்த அழகான பெட்டிகள் இருந்தன. அவற்றில் காற்று எங்கே நுழையும்?

சாமான் வீட்டுக்கு வந்த அன்றே கட்ட முடியவில்லை. அப்பா தடுத்துவிட்டார். "வாஷிங் மெஷினே கடிக்குது. அந்த வீட்டு கரண்ட்லயா இதைச் சொருகப் போறே?" உண்மைதான். அம்மா ரப்பர் செருப்பு போடாமல் வாஷிங் மெஷினைத் தொடமாட்டாள். எங்களுடையது பழைய வாடகை வீடு. பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். அவை மிச்சத்தை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லையென்றால் அது கேபினெட் தகரத்திலேயே நிற்கும், கிட்டத்தட்டப் பாதி வோல்ட்டேஜ். ஆளைக் கொல்லும் அளவு மின்னோட்டம் இராது. ஆனால் கை வைத்தால் எறும்பு கடித்ததுபோல் சுரீரென்னும், டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, மிஸ்திரி ஒருவர் கீழே மெயின் போர்டிலிருந்து மாடி வரை பச்சை வயர் இழுத்தார். ஐம்பத்தைந்தாயிரத்துக்கு வெளியே போன செலவு அது ஒன்றுதான். வாஷிங் மெஷின் அன்றோடு கடிப்பதை நிறுத்தியது. அம்மாவைப் பொறுத்தவரை அந்தக் கம்ப்யூட்டரால் வந்த பெரிய லாபம் அதுதான், இன்றைக்கும் சொல்கிறாள்.

கூடத்தில் கொலு இருந்தது. அதனால் என் அறைக் கட்டிலின் பலகையில் வைத்துக் கட்டினேன். ரைசனின் அடியில் 1331 பின்கள், தலைமுடி போல, தங்க நிறத்தில். ஒரு மூலையில் குட்டியாக ஒரு முக்கோணம். அதைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால், அழுத்தவே வேண்டாம், தன் கனத்திலேயே உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பிறகு பக்கத்துக் கம்பியை மடக்கிப் பூட்டலாம். அது இறங்கின அந்த நொடியை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ராம் இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். மிகவும் படுத்துவது கேபினெட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் பொடி வயர்கள். எது பிளஸ், எது மைனஸ் என்று அப்பா டார்ச் அடித்துக் கையேட்டைப் பார்த்துச் சொல்ல, நான் செருகினேன். முதல் தடவையிலேயே எழுந்துகொண்டது. ஆயுத பூஜையன்று அம்மா சந்தன குங்குமம் வைக்க வந்தாள். வலைக்குள் போகாமல் மேல் தகடில் வைக்கச் சொன்னேன். அந்த வருடம் விஜயதசமிக்கு, செப்டம்பர் 30 அன்று, வெளியே பாட்டும் டாக் மேளமுமாகத் துர்க்கையைக் கொண்டுபோகும்போது, நான் குதிரை மேல் காட்டுக்குள் இருந்தேன். 'விட்சர் 3' எனக்கு வேண்டியபடியே ஓடியது.

அடுத்த சித்திரையின் கால்பைசாகி புயல்களுக்கு முன் ஒரு யு.பி.எஸ். சேர்ந்தது. அதன் உண்மையான அருமை தெரிந்தது 2020இல், பிராசசரை ரைசன் 5 3600ஆக மாற்றும்போது. பழைய போர்டில் புதிய பிராசசர் ஏற வேண்டுமானால் முதலில் பழையது இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சில நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு போச்சு. யு.பி.எஸ். இருக்கிறது என்று சொல்லியும் கேட்காமல் அப்பா மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று. புதிய பிராசசர் அதே சாக்கெட்டில், அதே முக்கோணத்தைப் பார்த்து உட்கார்ந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் முழுப் பதில் கிடைத்தது. மாற்ற வேண்டியிருந்தது பிராசசர், பிறகு ஒரு கார்டு, கூடுதலாக ராம். போர்டும் கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அப்படியே நின்றன. பெரிய கார்டு வந்தபோதும் அந்த 480 வாட்டைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை.

கழற்றிய 1200உம் 1050 டிஐயும் அலமாரியில் கிடந்தன. அப்பா ஓய்வு பெற்ற பிறகு, அவற்றுக்கு ஒரு பழைய ஏஎம்4 போர்டு தேடிப் பிடித்து, அவருக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கட்டலாம் என்றேன். காலையில் செஸ், மாலையில் பழைய படங்கள், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. நான் பட்டியல் எழுதும்போது எஸ்.எம்.பி.எஸ். என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அதை மட்டும் தானே போய் வாங்கிவருவதாகச் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு காளிகாட் மெட்ரோவுக்குக் கிளம்பிவிட்டார். மதியம் திரும்பி வந்தபோது பெட்டியின் மேல் பென்சிலில் ஒரு பெருக்கல் இருந்தது, 12இலிருந்து தொடங்கி.